கேள்வி எண் முப்பத்தொன்று

பெக்கான் கெலாடியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை.
நகல் எடுப்பது, பாரம் நிரப்புவது, கடப்பிதழுக்குப் படம் பிடிப்பது.
எதிர்க்கட்சிக்காரியின் கேள்விகளை அடித்துக் கொடுப்பதும் நான்தான்.
பக்கத்துக்கு ஐம்பது காசு.
கட்சிக் கணக்கில் பதினெட்டு வெள்ளி பாக்கி.

இரண்டாம் டிவிஷன் லயத்திலிருந்து
ஜெகதாம்பாள் ஒரு போத்தலோடு வந்தாள்.
தேத்தண்ணி என்று நினைத்தேன்.
"குழாயில வருது" என்றாள்.
பிறகு நிற்காமல் பேசினாள்:
மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை, முழங்கை அரிப்பு,
கம்பெனி கைமாறியதிலிருந்து போன் எடுக்காத மேனேஜர்,
தேர்தலுக்கு முந்தின வாரம் வந்து
படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போன தண்ணீர் லாரி.

மன்றத்தில் கேட்க நாற்பது சொல்தான் இடம்.
தவமலர் நின்றபடி சொல்லச் சொல்ல மலாயில் அடித்தேன்.
சட்டையை எடுத்தோம். அரிப்பை எடுத்தோம்.
மேனேஜரைச் சம்பந்தப்பட்ட தரப்பு ஆக்கினோம்.
மிஞ்சியது
சுங்கை கெலாடி தோட்டம், அறுபத்திரண்டு குடும்பம்,
நீர் விநியோகம், எப்போது.
போத்தலை எந்தச் சொல்லிலும் அடைக்க முடியவில்லை.
அதை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை
ஆ செங் தன் கோப்பிக்கடையில் பந்தாட்டத்தை நிறுத்திவிட்டு
மன்றத்தைப் போட்டான்.
ஒரு கிளாஸ் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் குடித்தோம்.
செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
மந்திரிகளின் வாய் மட்டும் அசைந்தது.
இருபத்தெட்டு, விமான நிலையம்.
இருபத்தொன்பதில் ஒருவர், மந்திரிக்கு
நன்றி சொல்வதற்கென்றே ஒரு கேள்வி கேட்டார்.
முப்பதைக் கேட்க வேண்டியவர் வரவில்லை.
அவர் எங்கே தூங்கினாரோ, நன்றாக இருக்கட்டும்.

முப்பத்தொன்று.

துணை மந்திரி எழுந்தார்.
சுங்கை கெலாடியில் குழாய்ப் பணி ஜூனிலேயே முடிந்தது,
செலவு நான்கு லட்சம், குடியிருப்பாளர்கள் மகிழ்ச்சியாக உள்ளனர்.
கடையில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்,
மகிழ்ச்சியாக இருப்பவன் எவன் என்று.

"அது ஜொகூரில் இருக்கிற சுங்கை கெலாடி" என்றாள் தவமலர்.
சிரிப்பு எழுந்தது, அவர் பக்கத்து நாற்காலிகளிலிருந்தும்.
இனி ஒரே ஒரு துணைக்கேள்வி.
நான் அடிக்காதது.
கைப்பைக்குள் கை போனது.
பொருள்களைக் காட்டக் கூடாது என்றார் சபாநாயகர்.
"காட்டவில்லை ஐயா, கேட்கிறேன்.
எங்கள் தண்ணீர் என்ன நிறம்?"

துணை மந்திரி கோப்பைப் புரட்டினார்.
பின்னாலிருந்து ஓர் அதிகாரி துண்டுச் சீட்டு நீட்டினார்.
அதைத் திருப்பியும் பார்த்தார்.
"சொல்லுய்யா" என்றான் லாரி ஓட்டும் சந்தனசாமி,
கெஞ்சுவது போல.
ஆ செங்கின் மின்விசிறி கட்டக் கட்டக் என்றது.

நேரம் முடிந்தது. பதில் எழுத்து மூலம் தரப்படும்.

அந்த ஏழு விநாடியை வெட்டி
சந்தனசாமி தோட்டம் முழுக்க அனுப்பினான்.
யாரும் எதுவும் பேசாத காணொளி.
கோயில் கூட்டத்தில்கூட இரண்டு தடவை ஓடியது.

பதில் ஆறு வாரம் கழித்து வந்தது.
தோட்டத்தின் பெயர் இம்முறை சரி.
விஷயம் ஆய்வில் உள்ளது.
ஜெகதாம்பாளுக்கு வாசித்துக் காட்டினேன்.
"நிறம் போட்டிருக்கா?"
இல்லை என்றேன்.
கேட்டுவிட்டு, நகலை நாலாய் மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தவமலர் திருப்பித் தந்த போத்தல் என் மேசையில் நிற்கிறது.
அடியில் ஒரு விரற்கடை படிந்திருக்கிறது.
துருவும் இல்லை, மண்ணும் இல்லை, ஆறிய தேத்தண்ணியும் இல்லை.
அடுத்த கூட்டத்துக்கு நிறத்திலிருந்து தொடங்கு என்கிறாள்.
மலாயில் அதற்கு ஒரு சொல் தேடுகிறேன்,
நாற்பதில் ஒன்று போய்விடும்.

பாக்கி இப்போது பதினெட்டரை.