பள்ளம்

கப்பல் துறைமுகத்தின் நடுவில் நிற்கிறது,
ஓர் ஊரையே கயிறு போட்டு இழுத்துவந்த மாதிரி.
இறங்குதுறையில் என் வானுக்குப் பதினொரு பேர்.
தாளில் அச்சடித்திருக்கிறார்கள்:
ஒன்பது மணி கோட்டை. பத்தரை எண்ணெய்க் குதங்கள்.
பன்னிரண்டு போர்க் கல்லறை.
ஒன்றரைக்கு நிலாவெளியில் நண்டு.

கோட்டைக்குள் மான்கள்
எவரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டிருந்தன.
பீரங்கியை விட அவற்றைத்தான் கூடப் படமெடுத்தார்கள்.
சீனக்குடாக் காட்டுக்குள்
விமானம் விழுந்தெரிந்த குதத்தின் தகடு
மெழுகு உருகினதுபோல் மடிந்து கிடக்கிறது.
வழமையான என் ஏழு வசனத்தையும் சொன்னேன்.
கைதட்டினார்கள்.

முன் சீற்றில் அன்னெகே. எழுபது வயதிருக்கும்.
போன வருடம் றைன் ஆற்றில் பத்து நாள் போனாராம்.
வளைவுக்கு வளைவு ஒரு யுத்தமாம்.
காலைப் பாணுக்கும் பின்னேரத் தேநீருக்கும் இடையில்
பாலம் போய்க் கோபுரம் மட்டும் மிஞ்சின ஓரிடம்,
நடைபாதையில் பெயர் வெட்டின பித்தளைக் கற்கள்,
ஒரு பதுங்குகுழி,
அதற்குள் தபாலட்டை விற்கிற பெண்.
“எல்லாவற்றுக்கும் ஒரு பலகை நட்டுவிடுவோம்,
பிறகு அதற்குப் பக்கத்தில்
கோப்பிக் கடை திறப்போம்” என்றார்.
நான் சிரித்தேன். கியரை மாற்றினேன்.

உப்புவெளி தாண்டி
பனங்கூடல் முடிகிற வளைவில்
என் வலது கால் தானாகவே பிரேக்கில் ஏறியது.
வான் ஒருமுறை முழங்காலிட்டு எழும்பிற்று.
பின்னால் யாரோ தண்ணீரைக் கொட்டினார்கள்.
“என்ன?” என்றார் அன்னெகே.
“பள்ளம்.”

காப்பெற் போட்ட றோட்டு. பட்டர் மாதிரி.
அவர் திரும்பிப் பார்த்தார்.
நான் பார்க்கவில்லை.

மண் நிரப்பின தார்ப்பீப்பா இரண்டு நின்ற இடம்.
இறங்கு. நட. ஐ.சி.யைக் காட்டு.
நூறு யார் போய் ஏறு.
பஸ் வெறுமையாக எங்களுக்கு முன்னால் ஊரும்.
ஒரு நாள்
ஏறின தலைகளில் ஒன்று குறைந்தது.
கொண்டக்டர் எண்ணினார். இன்னொருதரம் எண்ணினார்.
பிறகு மணியை அடித்தார்.
நிர்மலதாசனின் பை என் மடியில் இருந்தது:
ஒரு கொம்பாஸ் பெட்டி,
அரை றாத்தல் பாண், இன்னும் சூட்டோடு.

கல்லறையில் புல் ஒரே மட்டம்.
யோகேந்திரன் கத்தரிக்கோலோடு குந்தியிருந்தான்,
எனக்குத் தலையாட்டினான்.
கல்லுக்குக் கல் பெயர், படை, வயது.
பத்தொன்பது. இருபத்திரண்டு. பத்தொன்பது.
பெயர் தெரியாதவனுக்கும் ஒரு கல்;
கடவுளுக்குத் தெரியுமென்று அதில் வெட்டியிருக்கிறது.
அன்னெகே முழங்கால் நோவோடு
ஒவ்வொன்றுக்கும் குனிந்தார்.
நான் பைப்படிக்குப் போய் முகம் கழுவினேன்.
இங்கே தண்ணீர் நல்லது.
போத்தலில் நிரப்பி
வீட்டுக்கும் கொண்டுபோவதுண்டு.

நண்டுக்குப் பிறகு
எல்லோருக்கும் நித்திரை. வாய் திறந்தபடி.
ஐந்து மணிக்குக் கப்பல் ஊதிவிடும்.
பனங்கூடல் தெரிந்தது.
இந்தமுறை வேண்டாம் என்று
காலுக்குச் சொல்லிவைத்தேன்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னமே
அன்னெகே ஒன்றும் பேசாமல்
இரண்டு கையையும் டாஷ்போட்டில் ஊன்றிக்கொண்டார்.

பள்ளம் வந்தது.