மூன்றில் இரண்டாவது

தூத்துக்குடி கன்டெய்னரில் பழைய சலவை மெஷின்களோடு
கணக்கில் இல்லாமல் வந்து இறங்கியது.
மேலப்பாளையம் அசன் மைதீன் குடோனில்
எடைக்கு வைக்க நாலு பேர் தூக்கினபோது
உள்ளே என்னவோ உருண்டது.
"உயிர் இருக்கும் போல வே" என்றார்.
நூற்றுப் பதினெட்டு கிலோ, கிலோ முப்பத்திரண்டு.
உயிருக்குத் தனியாகப் போடவில்லை.

பேட்டை ரோட்டில் என் கடை.
கிணற்று மோட்டார், கிரைண்டர், மாவு மில் மோட்டார்,
எரிந்து வருவது செம்பு சுற்றித் திரும்பிப் போகும்.
போர்டில் 'ஆவுடைக்கனி ரீவைண்டிங்'.
"அண்ணாச்சி இல்லையாம்மா?" என்பார்கள்.
நான்தான் ஆவுடைக்கனி என்பேன்.
கொஞ்ச நேரம் நிற்பார்கள்.
பிறகு மோட்டாரை இறக்குவார்கள்.

கண்ணாடியை உருவிச் சாய்பலகையை நிமிர்த்தினேன்.
மேல்பக்கம் நீல வானம், பெயர் எழுதாத கோள்கள்,
பாதி முகத்தோடு விட்டுப்போன ஒரு பெண்.
கீழ்ப்பக்கம் சோளத்தட்டை அடுக்கியதுபோல் வயர்.
அதன் நடுவே, மரத்தில், பென்சில்.
பத்தாம் வகுப்பு இங்கிலீஷை வைத்து எழுத்துக் கூட்டினேன்:
மூன்றில் இரண்டாவது.
இந்தக் குழி என்ன செய்ய வேண்டும் என்று
திங்கட்கிழமை முடிவு செய்யலாம்.
தேதி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை.

மைதீன் மகன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான்:
அந்த வாரக் கடைசியில் கம்பெனியைப் பூட்டிவிட்டார்களாம்.
முதலாவது தீயில் போனது.
மூன்றாவதை யாரும் பார்த்ததில்லை.

மட்டையை அடிக்கும் காயில் கருகிக் கிடந்தது.
பிரித்தால் ஒன்றுக்குள் இரண்டு சுற்று:
தடித்த கம்பி கொஞ்சம், அடிக்க.
மெல்லிய கம்பி ரொம்ப, அடித்ததைப் பிடித்துக்கொண்டிருக்க.
இருபது வருஷமாகச் சுற்றுகிறேன்,
இப்படி ஒரு புத்தி எந்தப் பம்புசெட்டிலும் பார்த்ததில்லை.
எண்ணி எண்ணிச் சுற்றினேன்.
நம்ம ஊர் கரண்டு அதற்கு ஆகாது,
பாதியாய்க் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.
துருப்பிடித்த பந்துக்கு
ஜங்ஷன் பேரிங் கடையில் இருபத்தேழு மில்லிமீட்டர் குண்டு.
உலுக்கினால் கண்டுபிடிக்க உள்ளே ஒரு தூக்குக்குண்டு,
கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அதேதான்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டம்.
பரோட்டாக் கடை செல்லப்பாண்டி வருவான், மாவுக் கையோடு.
மில்லுக்காரர் பொன்னுராசு ஒரு தடவை
எழுபதாயிரத்தில் இருந்தபோது பெட்டியை இடுப்பால் இடித்தார்.
அத்தனை விளக்கும் அணைந்தது.
"சவம், கோவப்படவும் விடமாட்டேங்கு."

அந்தக் குழிதான் தொந்தரவு.
விழுந்த பந்து விழுந்ததுதான்.
ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றிக்
காந்தத்தை விட்டு எடுக்கணும்.
வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, கடைக்கு லீவு விட்டு,
காலிங்பெல் காயில் ஒன்றை அடியில் முடுக்கினேன்.
கொடை முடிந்து மிஞ்சின சீரியலில் ஒரு சிவப்பு பல்பு.
புள்ளி எதுவும் வைக்கவில்லை.
பல்பு ஒருமுறை எரியும்,
பந்து திரும்பி வரும்,
அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க்காரர் வெள்ளைக் கையுறையோடு வந்தார்.
பென்சில் எழுத்தின் மேல் டார்ச் அடித்து
ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.
நாலு லட்சம் என்றார்.
பிறகு குழியைப் பார்த்தார்.
"இது யார் வேலை?"
"என் வேலை."
"எடுத்துடுங்க. முடியாமல் இருக்கிறதுக்குத்தான் இந்த விலை."

நாலு லட்சம். புது வைண்டிங் மெஷின், கடை வாடகை பாக்கி.
இரண்டு வயரை உருக்கி எடுக்க
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
பல்பு மேஜை டிராயரில் கிடக்கிறது.

நேற்று சாயங்காலம் போன்.
"தப்பா நினைக்காதீங்க. பந்து குழியில் விழுந்துடுச்சு.
விருந்தாளிகள் இருக்காங்க.
நீங்க வச்சிருந்தீங்களே, அதை எப்படி..."

நேற்று வெள்ளிக்கிழமை.
மேஜையில் முன்னீர்பள்ளத்து மோட்டார் ஒன்று
வயிறு திறந்து கிடந்தது.

திங்கட்கிழமை கூப்பிடுங்க என்றேன்.