இருபத்திரண்டு கிலோ

கொழும்பு லொறி இறக்கின சிலிண்டரைத்
தராசில் ஏற்றி, வெறும் இரும்பைக் கழித்து
'காஸ், இருபத்திரண்டு கிலோ' என்று
கொப்பியில் எழுதினார் மக்பூல் காக்கா.
காற்றுக்கு என்ன கிலோ என்று சிரித்தேன்.

வால்வு கசிந்த அன்றிரவு
சம்மாந்துறைச் சோடாக் கொம்பனியில்
நான் வாங்கில், பூனை தரையில்.
இந்தக் காற்று தண்ணீர் மாதிரி,
பள்ளம் பார்த்துத்தான் போகுமாம்.

தலையிடியோடு எழும்பினேன்.
அது எழும்பவில்லை.
சுருண்டபடி, மீசைகூடக் கலையாமல்.

கதவெல்லாம் திறந்துவிட்டு
மறுபடி தராசு.
நாலு கிலோ குறைவு.
'கசிவு' என்று எழுதிக் கீழே கோடிட்டார் காக்கா.
பூனைக்கு அதில் எத்தனை கிராம்
என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் கலியாண ஓடர்,
ஐநூறு போத்தல் இஞ்சிச் சோடா.
மிச்சத்தை நிரப்பினோம்.

புரியாணி தின்ற மாப்பிள்ளை வீட்டார்
வரிசையாக ஏவறை விட்டார்கள்,
வயிறு தடவி.