எண்ணூற்று முப்பது அடி

திருச்செங்கோட்டு லாரி இரவெல்லாம் குடைந்து
கல்பொடி பறந்து, சேறு கக்கி,
விடியும்போது பின்கட்டில் தண்ணீர்.
கைநீட்டிய பையன் உதறிக்கொண்டான்:
"ஆச்சி, சுடுது."

கோட்டையூரே எட்டிப் பார்த்தது.
ஆழத்தில் அப்படித்தான் என்றார் ஒருவர்.
பூமிக்குக் காய்ச்சல் என்றாள்
பால்காரி வெள்ளையம்மா.

சுமத்ராவில்,
மலை வெடித்துப்போன குழியில்
கடல்போல் கிடந்தது அந்த ஏரி.
ஐயா கடை வைத்திருந்த ஊரைப் பார்க்கப்போய்
அதையும் பார்த்தோம்.
கரையில் ஊற்று குமிழிட்டது,
அழுகிய முட்டை வாடை.
நான் விரல் வைத்து இழுத்துக்கொண்டேன்.
நீங்கள் பேன்ட்டைச் சுருட்டி
இரு காலையும் இறக்கி உட்கார்ந்து
"சுடவே இல்லையே சிகப்பி" என்றீர்கள்.
சிரித்தேன். படம் எடுத்தேன்.

கொப்புளத்தை விமானத்தில்தான் கண்டேன்.
சர்க்கரை தின்ற பாதம்
சூட்டைச் சொல்லாது என்று
மதுரை டாக்டர் சொன்னபோது
மூன்று விரல் போயிருந்தது.

இப்போது வளவிலிருந்து குரல்:
"தண்ணி வந்துருச்சா?"
வந்துருச்சு.
லாரிக்காரனுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தேன்,
முப்பது அடிக்காவது
குறைக்கச் சொல்லிப் பார்த்தேன்.

வாளி இரண்டு
வேம்படியில் ஆறுகின்றன.
அவ்வப்போது போய்
முழங்கையை விட்டுப் பார்க்கிறேன்.