பீப்பாய்க்கும் வாளிக்கும் நடுவே

தண்ணியைப் போலத்தான் இருக்கும்.
தண்ணியைவிட அவசரம் அதற்கு.
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டால்
சில்லென்று ஒரு நொடி நின்று
காணாமல் போகும்.
போனது எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் பின்னால்
மூன்றாவது ஷெட்டில்
பேரிங் கழுவுகிறேன், ஒன்பது வருஷமாக.
கையுறை கிழிந்தால் சொல்ல வேண்டும்.
சொன்னால் அடுத்த மாதம் வரும்.
அதுவரை விரல் நுனியெல்லாம்
ஏரி வற்றின மண்.

அது மேலே போகாது.
புகையைப் போல ஆகாசம் பார்க்கிற வழக்கம் இல்லை.
தரையோடு தரையாய்ச் செருப்பைத் தாண்டி
கதவடிச் சந்தில் நுழைந்து
பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பொறி பறக்கும் இடத்துக்கு
வழி விசாரித்துப் போகும்,
வட்டிக்காரன் வீட்டு நம்பர் தேடுவதைப் போல
நிதானமாக.

அதனால்தான் எடுத்த கையோடு மூடியை மூடு என்பது.
நனைந்த துணிக்குத் தனியாக ஒரு தகரத் தொட்டி.
பீடி, போன், சுவிட்ச் போர்டு
எல்லாம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே.
ஜெபசிங் ஒருநாள் கோட்டுக்கு உள்ளே நின்று தும்மினான்.
அதற்கும் திட்டினேன்.

பீப்பாயில் ஒட்டிய சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு தீ,
கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
சுற்றியுள்ள எழுத்து எந்த ஊர் பாஷையோ.
அந்தப் படத்தை மட்டும்
நான் தினமும் வாசிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை
செம்பு ஒயரைக் காணோம்.
பீப்பாய்க்கும் வாளிக்கும் நடுவே
இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப்போடு
இரண்டையும் ஒரே குடும்பமாக்கி வைக்கிற ஒயர்.
யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
செம்பு விற்கிற விலைக்கு
அவனைத் திட்டவும் வரவில்லை.

“ஒரு வாளிதானேம்மா, ஊத்து.
மணலிக்கு லாரி பத்தரைக்கு” என்றார் குணசீலன்.
நான் ஊற்றவில்லை.
பாயும்போதே அது மின்சாரம் சேர்க்கும்.
நைலான் புடவையை இருட்டில் உருவும்போது
சடசடவென்று மினுக்குமே,
அந்த மினுக்கு ஒன்று போதும் அதற்கு.
“ஒன்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே?”
“ஒயர் இருந்துச்சு சார்.”

வாசலில் மஸ்தானின் ஷேர் ஆட்டோ.
சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குப் போடுகிற ஜம்பர் கேபிள்,
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.
“எந்த வண்டிக்குக்கா?”
“வண்டிக்கு இல்ல, வாளிக்கு.”
சிரித்துக்கொண்டே உருவிக் கொடுத்தான்.

பீப்பாய் விளிம்பில் சாவியால் பெயின்டைச் சுரண்டினேன்
இரும்பு பளிச்சென்று தெரியும் வரை.
பெயின்ட் மேல் போட்டால்
கிளிப் கடித்த மாதிரி இருக்கும், கடிக்காது.
சிவப்பு, பீப்பாயிலிருந்து வாளிக்கு.
கறுப்பு, பீப்பாயிலிருந்து
மண்ணுக்குள் இறங்கும் இரும்புப் பட்டைக்கு.
கதவு இரண்டும் திறந்து
குழாய் நுனி வாளியின் அடியைத் தொட
மெல்ல,
பிள்ளைக்கு மருந்து புகட்டுவதைப் போல மெல்ல
ஊற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

லாரி பத்தே முக்காலுக்குப் போனது.
‘பதினைந்து நிமிடம் தாமதம், காரணம் ஊழியர்’
என்று ரிஜிஸ்டரில் ஏறியது.
நடக்காததை எழுத அதில் கட்டம் இல்லை.

என் வீடு விம்கோ நகரில்.
தீப்பெட்டிக் கம்பெனி பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்தாள்.
ஜன்னலை ஏற்றிவிட்டேன்.
கொசஸ்தலை ஆற்றுப் பக்கமிருந்து
இன்னொரு நாற்றம் வந்து என்னுடையதை மறைத்தது.
வீட்டில் புடவையை மாற்றி
வெளிக்கொடியில் போட்ட பிறகுதான்
அடுப்புப் பக்கம் போனேன்.
லைட்டரை எடுத்தவள்
ஏனோ ஒருமுறை தரையைப் பார்த்துக்கொண்டேன்.

எட்டரைக்கு போன்.
“அக்கா, தேரடி கிட்ட நிக்கிறேன்.
வண்டி ஸ்டார்ட் ஆகல.
கேபிள் எங்க?”

பீப்பாயைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்றேன்.
குணசீலன் ஒயர் வாங்குகிற வரைக்கும்
தள்ளித்தான் எடுக்கணும் மஸ்தான்.