மீனாட்சிபுரம், இரவு ஷிப்ட்

புதுநகரத்தில் சிக்கந்தர் ராவுத்தரிடம்
பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன்.
பெண்கள் பட்டையின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள் என்றார்.
டேங்கர் மேல் ஏறிப் பால் மொள்கிற வேலையும்
பெண்கள் அதிகம் பார்ப்பதில்லை.
அதைச் சொல்லவில்லை. மூடி கழன்றது.

உள்ளே அரை அப்பளம் போல ஒரு எடைத்தகடு.
கை அசைந்தால் அது சுற்றும்,
சுற்றினால் சுருள்வில் முறுக்கேறும்.
பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம்,
கட்டியிருக்கிறவள் சும்மா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"மெஷின் ஜப்பான், அசல்.
டயல் பம்பாயில புதுசா வரைஞ்சது.
சின்ன முள்ளு வேற வாட்சோடது.
சொல்லித்தான் விக்கிறேன், பின்னாடி பேச்சு வரக்கூடாது."
ஆயிரத்து எண்ணூறு என்றார்.
ஆயிரத்து நானூற்றைம்பது, பட்டையோடு.
பஸ் கொழிஞ்சாம்பாறை வரும்வரை
காதோடு வைத்திருந்தேன்.
எதிராளி மட்டும் பேசுகிற போன் என்று
பக்கத்து சீட்டுக்காரி நினைத்திருப்பாள்.

இது ஐந்தாவது.
ஒன்றில் கிழமை அரபியில் வரும், வெள்ளி மட்டும் சிவப்பு.
யாரோ ஒருவர் ஷார்ஜாவில்
அந்தச் சிவப்புக்குக் காத்துக் காத்து
கண்ணாடியைத் தேய்த்திருக்கிறார்.
எனக்கு எழுத்து தெரியாது,
புதனை அதன் வளைவை வைத்துக் கண்டுபிடிப்பேன்.
இன்னொன்று படுக்க வைத்தால் நிற்கும்.
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
மற்ற இரண்டின் விலையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

போனில் மணி காட்டாதா என்பார் சுகுணன். காட்டும்.
ஒரு கைக்கு ஐந்தா என்பார்.
நாற்பது மணி நேரம் தொடாமல் விட்டால்
அலமாரியில் நாலு வாட்சும்
நாலு மணி சொல்லிக்கொண்டு கிடக்கும்.
எதையும் உடனே திருத்துவதில்லை நான்.

ஓணத்துக்கு நாலு நாள்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து பால் லாரிகள்
தென்னந்தோப்பு வளைவு வரை.
அயோடினுக்கு நீலமானால் மாவு.
ரோஜா நிறம் என்றால் சோடா.
யூரியாவுக்கு மஞ்சள்.
சோதனைக்குழாயைக் குலுக்கக் குலுக்க
மணிக்கட்டில் அப்பளம் கிர்ரென்று சுற்றுகிறது.
அரசாங்கச் சம்பளத்தில்
என் வாட்சுக்கும் முறுக்கேறுகிறது.

நடுராத்திரிக்கு மேல் ஒரு குழாய் மஞ்சளானது.
"இன்னொருக்கா பாருங்க்கா" என்றார் டிரைவர் மயில்ராஜ்.
பார்த்தேன். மஞ்சள்.
மூன்றாவது தடவை அவரே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
மஞ்சள்.
பன்னிரண்டாயிரம் லிட்டர். திருப்பி அனுப்பப்பட்டது.
நேரம்: இரண்டு நாற்பது என்று எழுதினேன்.

அவர் என் கையைப் பார்த்தார்,
பிறகு சுவரைப் பார்த்தார்.
"நாலு நிமிசம் சேத்தி ஓடுதுங்க்கா உங்க வாட்சு."
சுவரில் இலாகா கடிகாரம். இரண்டு முப்பத்தாறு.
அடித்துத் திருத்தினேன்,
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
ரெஜிமோன் தடுப்புக் கம்பத்தைத் தூக்கவே இல்லை,
லாரி அங்கேயே வளைந்து திரும்பியது,
ஒரு வீடு திரும்புவதைப் போல, அத்தனை மெதுவாக.

ஓணம் முடிந்து எட்டாம் நாள்
அதே லாரி. பால் சுத்தம்.
சீட்டு வாங்கிக்கொண்டும் மயில்ராஜ் போகவில்லை.
கைக்குட்டையை அவிழ்த்தார்.
"மாமனாருதுங். யாரோ ஆறாயிரத்துக்குக் கேக்கறான்.
இதுல ஏதாச்சும் கலப்படம் இருக்குதான்னு
பாத்துச் சொல்லுங்க்கா."

லேக்டோமீட்டர் பெட்டியில்
என் பின்மூடிச் சாவி எப்போதும் கிடக்கும்.
ட்யூப்லைட்டுக்கு அடியில் கழற்றினேன்.
மெஷினில் உள்ள பெயரே டயலிலும்.
முட்கள் அந்த வருடத்து முட்கள்.
ஒரு திருகுகூட மாறவில்லை,
தூசிகூட அந்த வாட்சின் தூசிதான்.

"எல்லாம் அசல்" என்றேன்.
குழாயைக் குலுக்குவது போல நாலு தடவை குலுக்கினேன்.
தகடு சுற்றியது. முள் அசையவில்லை.
இன்னும் நாலு தடவை.
"ஓடலீங்களே" என்றார்.
"ஓடலை."

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.