இடது கோல் கம்பம்

பீடோங்குக்கு வடக்கே
செம்பனை ஆலைப் புகை
துணிக்கொடியில் வந்து படியும் எங்கள் பட்டணத்தில்
திடல் ஒன்றுதான்.
வலது கோலுக்கு இரண்டு லோரி டயர்.
இடது கோலுக்கு இரண்டு கல்.
நான் இடது கோல்கீப்பர்.
பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதெல்லாம்
ஆறு வருஷம் அந்தக் கல்லில் உட்கார்ந்தவன்.

கல்லின் நடுவில் சதுரமாய் ஒரு குழி.
மழை பெய்தால் நீர் தேங்கும்,
டெங்கி ஆட்கள் வந்து மருந்து தூவுவார்கள்.
மற்ற நாளில்
மோட்டோ சாவி, கைப்பேசி,
தெவின்ராஜ் கழற்றி வைக்கும் வெள்ளிக் காப்பு
எல்லாம் அந்தக் குழியில்தான்.

கிராணி வீட்டுத் தூணுக்கு என்றான் ஒருவன்.
ஜப்பான்காரன் போட்டது என்றான் இன்னொருவன்.
எங்கள் ஊரில் பழையது எதுவானாலும்
ஜப்பான்காரன் கணக்கில்தான் எழுதுவோம்.

படிவம் நான்கில் மெர்போக் அருங்காட்சியகம்.
எண்பது பேர், இரண்டு ஆசிரியர்.
வெயிலில் படியேறி
பலகையில் ‘சண்டி’ என்று கோயிலுக்குப் பெயர் பார்த்து
சண்டிமாடு, சண்டிமாடு என்று உருண்டோம்.
லொஷினி மட்டும் சிரிக்கவில்லை.
கயிற்றுக்கு மேல் எட்டிப் பார்த்தவள் சொன்னாள்:
“டேய், நம்ம கோல் கம்பம்டா.”

அதே கல். அதே குழி.
ஒன்றல்ல, வரிசை வரிசையாக.
மரத்தூண் மக்கிவிட்டது,
கூரை எப்போதோ போய்விட்டது.
தூண் இருந்த அளவை மட்டும்
குழி வைத்திருக்கிறது,
ஏறத்தாழ ஆயிரம் ஆண்டாக.

திரும்பி வந்த பேருந்தில் யாரும் பேசவில்லை
என்று எழுத ஆசைதான்.
பேசினோம். பாட்டும் போட்டோம், சத்தமாக.

மறுநாள் திடலில்
ஹக்கிமி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.
“உங்க ஆளுங்க கட்டினதா, எங்க ஆளுங்களா?”
“எங்க ஆளுங்கதான்,” தெவின்ராஜ் நெஞ்சை நிமிர்த்தினான்.
லொஷினி கேட்டாள்:
“கல்லு வெட்டினவனுக்குப் பெரட்டு எத்தனை மணிக்கு?
சம்பளம் பிடிச்சாங்களா?
அது தெரிஞ்சா சொல்லு.”
இருவருக்கும் தெரியவில்லை.

அருங்காட்சியகத்துக்கு அவள் எழுதிய கடிதத்துக்கு
மூன்று மாதமாய்ப் பதில் இல்லை.
அதுவரை
கோலுக்கு இரண்டு ஜோடி செருப்பு.
செருப்பு நகரும், தகராறு வரும்.
பந்து கல்லில் பட்டால் ஃபவுல்.
வெளியூர்க் குழுக்கள் இந்த விதியைக் கேட்டு
எங்களைப் பைத்தியம் என்கின்றன.

நேற்று நல்ல மழை.
டெங்கி ஆட்களுக்கு முந்திக்கொண்டு
சாப்பாட்டு டப்பா மூடியால் லொஷினி நீர் இறைத்தாள்.
ஹக்கிமி கைப்பேசி விளக்கை அடித்தான்.
குழியின் அடியில் உளித்தடங்கள்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
தெவின்ராஜ் விரலால் தடவிப் பார்த்தான்.
ஒரு குச்சியை எடுத்து
காற்றில் இரண்டு முறை கொத்திப் பார்த்தான்.

“இடக்கைக்காரன்,” என்றான்.

அவனும் இடக்கைதான்.
காப்பைக் குழியில் வைக்கப் போனவன்
காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு
ஆடப் போனான்.
இரண்டு கோலில் தோற்றோம்.